குன்னூர் வீட்டில் நம்ம ஊர்ப் பழமரங்கள் காய்க்குமா?

கருங்கல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குன்னூரில் இருக்கிறேன். வீடு சிம்ஸ் பூங்காவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறவேண்டும். இப்போது பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருக்கிறேன். ஜூன் தொடக்கத்தில் திரும்பிப் போகிறோம். போகும்போது என்னென்ன கன்று கொண்டுபோகலாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

குன்னூர் வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து சென்ட் இடம் உண்டு. சரிவு நிலம். மூன்று தட்டாக வெட்டிக் கல்லடுக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். மேல் தட்டில் காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை நல்ல வெயில் விழும். கீழ்த் தட்டில் பத்து மணிக்குக் கூட ஈரம் போகாது. மாமியார் முன்பு கேரட்டும் பீன்ஸும் போட்டிருந்த இடம், அவருக்கு முட்டுவலி வந்த பிறகு சும்மா கிடக்கிறது. வீட்டின் முன்பக்கம் கண்ணாடி அடைத்த பழைய வராந்தா ஒன்றும் இருக்கிறது.

எனக்கு அங்கே நம்ம ஊர்ப் பழங்கள் வேண்டும். முதலில் மட்டி வாழை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்குமே முதல் சாப்பாடாக மட்டிப்பழம்தான் மசித்துக் கொடுத்தேன், அதையும் அப்பா இங்கிருந்து கொடுத்துவிட்டதுதான். அடுத்தது அப்பாவின் விளையில், அதாவது தோட்டத்தில், நிற்கும் வருக்கைச் சக்கை, கெட்டிச் சுளைப் பலா. அதன் சுளைக்கு ஈடாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. அடிமரத்தில் பொந்து விழுந்திருக்கிறது, இன்னும் எத்தனை மழைக்கு நிற்குமோ தெரியவில்லை. அப்புறம் ராம்பூட்டான், மங்குஸ்தான். இடம் மிஞ்சினால் ஒரு ஒட்டு மா.

ஏற்கெனவே ஒரு மட்டிக் கன்றைக் கொண்டுபோய் கீழ்த் தட்டில் நட்டேன். அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இலை விரியாமல் குருத்திலேயே மஞ்சளாகி நிற்கிறது. வீட்டில் எல்லாரும் "இந்தக் குளிருக்கு அதெல்லாம் வராது, பிளம்ஸ் வை, பேரி வை" என்கிறார்கள். இரண்டும் நல்ல பழம்தான். ஆனால் என் பிள்ளைகள் நம்ம ஊர் மரம் ஒன்றாவது பார்த்து வளரவேண்டும் என்று எனக்கு ஆசை. மலையில் இருந்தவர்கள், கன்று போடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தக்கலை ரோடு:

அக்கா, தாராளமாக வைக்கலாம் என்றே நினைக்கிறேன். போன வருடம் நாங்கள் ஊட்டிக்குக் காரில் போனபோது பர்லியாரில் ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். சக்கையும் தொங்கியது. அங்கேயே அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும் இருக்கிறது. அங்கிருந்து குன்னூர் எவ்வளவு தூரம், அரைமணி நேரம்தானே? அங்கே வருவது உங்கள் வீட்டிலும் வரும்.

அருமனை விளைக்காரன்:

மக்ளே, நான் அருமனைக்காரன். வாலிப வயதெல்லாம் குன்னூர், கோத்தகிரி பக்கத் தேயிலை எஸ்டேட்டுகளில் கண்டக்டராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கும் ஆளாக, இருந்தேன். இப்போது ஊரில் ஒட்டுக்கன்று போட்டுக் கொடுக்கிறேன். அதனால் அங்கத்திய மண்ணும் தெரியும், இங்கத்திய மண்ணும் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

முதலில் தக்கலைத் தம்பிக்கு. பர்லியாரில் நீ பார்த்தது உண்மைதான். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் ரோடு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறில் பாக்கும் பலாவும் மங்குஸ்தானும் நிற்கும். பர்லியாரிலும் அவை உண்டு. அதற்கு மேலே வளைவுக்கு வளைவு மரங்கள் மாறிக்கொண்டே வரும், பிறகு தேயிலைதான். அடுத்த முறை போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எந்த வளைவோடு பலா நின்றுபோகிறது, எங்கே சில்வர் ஓக் தொடங்குகிறது என்று பார். எந்த மரம் எதுவரை ஏறும் என்பதை அந்த ரோடு காட்டிக் கொடுத்துவிடும்.

நம்ம ஊரில் மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குன்னூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். பகலில் நல்ல வெயில் அடிப்பதால் "இந்த வெயிலுக்கு வராதா?" என்று தோன்றும். மரத்துக்குப் பகல் வெயில் மட்டும் போதாது, ராத்திரிக் குளிர்தான் கணக்கு.

இன்னொன்றும் புரிந்துகொள்ளவேண்டும் மக்ளே. மரம் உயிரோடு நிற்பது வேறு, காய்ப்பது வேறு. மாமரத்தையே எடுத்துக்கொள். அதற்குக் குளிர் பிடிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் இரவு கொஞ்சம் குளிர்ந்தால்தான் மா நன்றாகப் பூக்கும். குன்னூரில் நட்டால் பூக்கும், உன் வீட்டு மனிதர்களே ஆச்சரியப்படும் அளவுக்குக் கூடப் பூக்கலாம். ஆனால் அந்தப் பூங்கொத்து உருவாகும் நாட்களில் இரவு 10 டிகிரியை ஒட்டிப் போனால் மகரந்தம் ஒழுங்காக உருவாகாது. கொட்டையே இல்லாத குட்டிக் காய்களாகப் பிடித்து உதிர்ந்துவிடும். அதோடு மேகமூட்டம் வந்தால் பூவில் சாம்பல் நோய் பிடிக்கும். இலையும் பூவும் பார்த்துச் சந்தோஷப்பட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கன்று வாங்கும் முன்பே இதைச் சொல்கிறேன்.

மங்குஸ்தானும் ராம்பூட்டானும் வேண்டாம். 20 டிகிரிக்குக் கீழே போனாலே மங்குஸ்தான் வளர்ச்சியை நிறுத்திவிடும், நாலைந்து டிகிரிக்குப் போனால் மரமே சாகும். நம்ம ஊரிலேயே கொட்டைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ராம்பூட்டானும் குளிரில் இலையைக் கருக்கிக்கொள்ளும். அந்தப் பழங்களைக் குலசேகரம் பக்கமிருந்து வாங்கிப் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல், அதுதான் சரி.

இனி வாழைக்கு வருகிறேன். உன் மனசு அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது.

மட்டி நம்ம கல்குளம், விளவங்கோடு மண்ணின் பிள்ளை. 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதனால்தான். வெளியே கொண்டுபோய் நட்டால் அந்த மணமும் ருசியும் அப்படியே வருவதில்லை. 16 டிகிரிக்குக் கீழே வாழை வேலை செய்வதைக் குறைத்துக்கொள்ளும், 10 டிகிரிக்குக் கிட்டே போனால் புது இலை வருவதே நின்றுபோகும். உன் கன்று சாகாமலும் வளராமலும் நிற்பதற்குக் காரணம் இதுதான். இனி அது எப்படியோ வளர்ந்து குலை தள்ளும் சமயம் குளிர்காலமாக அமைந்தால், குலை முழுவதும் வெளியே வராமல் தண்டின் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். பாதி சீப்பு உள்ளே, பாதி வெளியே. மலையில் வாழை போட்டவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

அதற்காக வாழையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் மலைக்கென்றே வாழை இருக்கிறது. கீழ்ப்பழநி மலையில் விருப்பாச்சி, சிறுமலையில் சிறுமலை வாழை. பழநிப் பஞ்சாமிர்தம் விருப்பாச்சியில் செய்வதுதான். அந்த இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அவையும் உன் வீட்டின் உயரத்துக்குக் கீழேதான் நன்றாக வருகின்றன, அதனால் ருசி உறுதி சொல்லமுடியாது. ஆனால் மட்டியைவிடக் குளிரைத் தாங்கும். மேல் தட்டில், கல் சுவரை ஒட்டி, வெயில் படும் இடத்தில் ஒன்று வை. நம்ம ஊர்க் கணக்கில் பத்துப் பன்னிரண்டு மாதம் என்று எதிர்பார்க்காதே. ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ ஆகும்.

ஒரு வேண்டுகோள். இங்கிருந்து வாழைக்கன்றைப் பெயர்த்து மலைக்குக் கொண்டுபோகாதே. நம்ம பக்கம் முடிக்கொத்து நோய் இருக்கிறது. கன்றில் வெளியே தெரியாமல் இருந்து, அசுவினிப் பூச்சி மூலம் பக்கத்து மூடுகளுக்குப் பரவும். பழநி மலை வாழையை ஒரு காலத்தில் அழித்தது இந்த நோய்தான். நோய்ப் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றாகப் பார்த்து வாங்கு. உன்னிடம் நிற்கும் அந்த மட்டியின் இலை ஓரம் மஞ்சளாகி, குருத்து குறுகிக் கொத்தாக நிமிர்ந்து நிற்கிறதா என்று பார். அப்படியானால் அது குளிரால் அல்ல, நோயால். கிழங்கோடு தோண்டி அழித்துவிடு.

அப்போ எதைத்தான் வைப்பது என்கிறாயா?

வெண்ணெய்ப்பழம் வை. பட்டர் ஃப்ரூட் என்று அங்கே எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் நம்ம ஊரில் வாங்காதே. வெண்ணெய்ப்பழத்தில் மூன்று இனம் உண்டு. மேற்கிந்தியத் தீவு இனம் சமவெளிச் சூட்டுக்கு ஏற்றது, குளிர் தாங்காது. மெக்சிகோ, குவாத்தமாலா இனங்கள் மலைக்காரர்கள். குன்னூர் பக்கமே காய்த்து நிற்கும் மரத்திலிருந்து ஒட்டிய கன்றை வாங்கு. பாஷன் ஃப்ரூட்டும் அப்படித்தான். கீழே மஞ்சள் தோல் கொடி, மேலே ஊதாத் தோல் கொடி. ஊதாவை உன் வேலியில் படரவிட்டால் அடுத்த வருடமே பிள்ளைகள் பறிக்கலாம், இடத்தையும் அடைக்காது.

பப்பாளி ஆசை இருந்தால் நம்ம பப்பாளி வேண்டாம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும், பழுத்தாலும் இனிப்பு இருக்காது. மலைப்பப்பாளி என்று ஒன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உண்டு. சின்னப் பழம், அப்படியே தின்ன முடியாது. சர்க்கரை போட்டு வேகவைத்தால் வீடே மணக்கும். தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது, அதனால் குளிர் அதற்குப் பழக்கம். கொய்யா வை, மெதுவாக வரும் ஆனால் வரும். அதிலும் ஸ்ட்ராபெர்ரி கொய்யா என்கிற சிவப்புச் சிறுகொய்யா அங்கே சந்தோஷமாகக் காய்க்கும். மரத்தக்காளி ஏற்கெனவே உன் பக்கத்து வீட்டில் நிற்கும்.

இடத்தைப் பற்றி. நீ கீழ்த் தட்டில் நட்டதை மாற்று. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். நீலகிரியில் உறைபனி முதலில் பள்ளத்திலும் சதுப்பிலும்தான் விழும், மேட்டில் அல்ல. எனவே சூடு விரும்பும் எதையும் மேல் தட்டில் வை. கல்லடுக்குச் சுவர் பகல் வெயிலைக் குடித்து வைத்து ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் வெயில் படும் முகத்துக்கு முன்னால், ஓர் எட்டு தள்ளி நடு. கீழ்த் தட்டைப் பிளம்ஸுக்கும் பேரிக்கும் கொடு. அவற்றுக்கு அந்தக் குளிர் வேண்டும், மாமியாருக்கும் சந்தோஷம்.

தேயிலை வளரும் மண் புளிப்பு மண். நடுவதற்கு முன்பு மண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பார், தேவை என்றால் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடு. குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. குன்னூரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதை ஒட்டியே குளிரும் வந்துவிடும். நனைந்த மண்ணும் குளிரும் சேர்ந்துதான் சமவெளிக் கன்றைக் கொல்லும். வெறும் குளிரை அது ஓரளவு தாங்கிவிடும். அதனால் சின்ன மேடு கட்டி நடு. செப்டம்பருக்குப் பிறகு யூரியாவோ புதுச் சாணமோ போடாதே, இளந்தளிர் வந்தால் பனி அதைத்தான் முதலில் கருக்கும். சருகு மூடாக்குப் போடு, தண்டைத் தொடாமல்.

சக்கையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டும். அப்பா மரத்தில் இந்த வருடம் காய் எப்படி? பொந்து எந்த உயரத்தில், மரத்தூள் கொட்டுகிறதா?

லீட்ஸில் ஒரு மார்த்தாண்டத்தான்:

விளைக்காரர் மாமா சொன்னதற்கு மேல் மண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வராந்தா இருக்கிறது என்று அக்கா எழுதியதால் சொல்கிறேன். நான் இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். இங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம் கூடக் கிடையாது, குன்னூரெல்லாம் எங்களுக்குச் சொர்க்கம். எங்கள் வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் தொட்டிகளில் கொய்யா, எலுமிச்சை, அன்னாசி வைத்திருக்கிறேன். கருவேப்பிலையும் உண்டு.

தொட்டியில் சிறப்பாக வந்தது கொய்யா. ஒட்டுக்கன்று, ஒரு பெரிய வாளி அளவு தொட்டி போதும். வருடம் ஒரு முறை கிளையை வெட்டிவிட்டால் புதுத் தளிரில்தான் பூ வரும். அறைக்குள் தேனீ வராது என்பதால் மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுகிறேன். அன்னாசிக்கு நம்ம ஊர்ப் பெண்கள் செய்வதுபோலக் கொண்டையை வெட்டி, கீழ் இலைகளை உரித்து, காயம் உலர்ந்த பிறகு நட்டால் போதும். இரண்டு மூன்று வருடம் ஆகும். இரவு குளிர்ந்தால் அதுவே பூக்கும். இல்லாவிட்டால் பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியின் நடுவில் வைத்துப் பாலிதீன் பையால் சில நாள் மூடிவையுங்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் பூக்கத் தூண்டும். கடைப் பழம் அளவுக்குப் பெரிதாக வராது, ஆனால் பிள்ளைகளுக்கு அது தலை தூக்குவதைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம்.

குளிர்காலத்தில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். செடியின் வேலை நின்றிருக்கும்போது ஊற்றினால் வேர் அழுகிவிடும். கண்ணாடிக்குள் காற்று வறண்டால் இலையடியில் செஞ்சிலந்தி வரும், வாரம் ஒரு முறை இலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெளிநாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். தாவர நலச் சான்று இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள், விடாததும் நியாயம்தான். இங்கேயே வாங்குங்கள்.

கருங்கல்காரி:

மாமா, இரண்டு முறை படித்தேன். மட்டியின் இலையைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் போன் பண்ணிவிட்டேன். குருத்து கொத்தாக இல்லை, இலை மட்டும்தான் சின்னது என்கிறார். போட்டோ அனுப்புகிறேன் என்றார்.

அப்பா மரம் இந்த வருடமும் நன்றாகக் காய்த்திருக்கிறது. இன்றுதான் ஒன்று வெட்டினோம். பொந்து என் இடுப்பு உயரத்தில். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. மரத்தூள் கொஞ்சம் விழுகிறது, முன்பு அவ்வளவு இல்லையாம். இதன் கொட்டையைக் கொண்டுபோய்க் குன்னூரில் முளைக்கவைத்தால் இதே சக்கை வருமா? நாளைக்கு இந்த மரம் விழுந்துவிட்டால் இந்தச் சுளையே இல்லாமல் போய்விடும் என்பதுதான் எனக்குக் கவலை. மங்குஸ்தானை விட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

லீட்ஸ் அண்ணா, அன்னாசி யோசனை அருமை. கொண்டை இங்கிருந்தே எடுத்துப் போகிறேன்.

வடசேரி, இப்போது கோத்தகிரி:

சக்கை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கரடி வீட்டு வாசல்வரை வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பழம் பழுக்கும் மணம் வந்தாலே ராத்திரி வரும். சக்கை மணம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. கீழே குஞ்சப்பனையிலும் பர்லியாரிலும் சக்கைக் காலத்தில் யானைகள் அதற்காகவே மேலே ஏறிவருகின்றன. அங்கே வனத்துறை ஒவ்வொரு சீசனிலும் எச்சரிக்கை செய்கிறது. காட்டெருமை வாழையையும் விடாது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எது பழுக்கும், எப்போது பழுக்கும் என்று யோசித்து வையுங்கள். வெண்ணெய்ப்பழத்தைக் காயாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்கவைக்கலாம், அது மரத்தில் பழுக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் வீட்டில் அதை வைத்தோம். கொய்யாவைத் தொட்டியில் வைத்து வராந்தாவுக்குள் விடுவது நல்லது. விழுந்த பழங்களை மாலையிலேயே பொறுக்கிவிடுங்கள்.

அருமனை விளைக்காரன்:

கோத்தகிரித் தம்பி சொன்னது பொன்னான வார்த்தை. நான் எழுத நினைத்திருந்தேன், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

மக்ளே, கொட்டை போட்டால் இதே சக்கை வராது. பலாவில் பெரும்பாலும் ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்க் காய் பிடிக்கிறது. வருக்கைக் கொட்டை போட்டுக் கூழன், அதாவது குழைந்த சுளைப் பலா, வந்த விளைகள் நம்ம ஊரில் ஏராளம். அப்பாவின் சுளை வேண்டுமென்றால் அப்பாவின் மரத்துக் கொம்பையே ஒட்டவேண்டும்.

ஆனால் அதைக் குன்னூருக்குக் கொண்டுபோகாதே. பலா 1,500 மீட்டர் வரை ஏறும் என்பார்கள், உன் வீடு அதற்கும் மேலே. நின்றாலும் நிற்கும், ஒருநாள் ஒன்றிரண்டு காய்த்தாலும் காய்க்கும். அப்பாவின் மரம் இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும் என்ற நிலையில் அதன் கொம்பை அப்படிப்பட்ட இடத்தில் வைத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது. கருங்கல் விளையிலேயே இரண்டு மூடு ஒட்டி வை. ஒட்டுக்கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். உன் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அதே சுளையைத் தின்பார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அந்த மரத்துக்கு நீ செய்யக்கூடிய நல்லது இதுதான்.

காலமும் சரியாக இருக்கிறது. இப்போது வெட்டின சக்கையின் கொட்டையில் பெரியதாக, புழு குத்தாததாகப் பொறுக்கி உடனே நடவேண்டும். காயவிட்டால் முளைப்பு போய்விடும். பலாவின் ஆணிவேர் நேராக இறங்கும், மடங்கினால் மரம் காலம் முழுக்கக் கஷ்டப்படும், அதனால் நீளமான பை வேண்டும். தென்மேற்கு மழை பிடித்து ஈரக்காற்று வந்ததும் இளங்கன்றில் ஒட்டலாம். ஒட்டுக்கம்பு பென்சில் கனத்தில், மூன்று நான்கு மாதம் முற்றிய நுனியாக இருக்கவேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே அந்த நுனியின் இலைகளைக் காம்பு மட்டும் நிற்க நறுக்கிவிட்டால் மொட்டு திரண்டு நிற்கும். வெயில் படும் உச்சிக் கொம்பில் எடு, மூட்டில் வரும் நீர்த்தளிரில் எடுக்காதே. ரப்பரில் மொட்டு ஒட்டத் தெரிந்த ஆள் கருங்கல் பக்கம் எத்தனையோ பேர், அவர்கள் கைக்கு இது கஷ்டமே இல்லை. பத்து கன்று ஒட்டினால் எல்லாம் பிடிக்காது, அதற்காகத்தான் கூடுதலாகப் போடச் சொல்கிறேன்.

பொந்துக்கு சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் அடைந்துகொண்டு இன்னும் உளுக்கும். உளுத்த தூளை மட்டும் சுரண்டி எடுத்து, நல்ல மரத்தை வெட்டாமல் விட்டு, ஓரங்களில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவச் சொல். துளையில் புழு இருந்தால் கம்பி விட்டு எடுக்கலாம். மரத்தின் பாரத்தைக் குறைக்க, காய் முடிந்த பிறகு பொந்து இருக்கும் பக்கத்து ஒரு பெரிய கொம்பைக் கழிப்பது நல்லது. வீட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பார்.

உன் பஸ் பையில் கைதச்சக்கைக் (அன்னாசிக்) கொண்டை இரண்டு, ஒட்டுக் கொய்யா ஒன்று, அவ்வளவு போதும். மற்றவற்றை மேலேயே வாங்கு. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும்போது வீட்டுக்காரரைப் போய்வரச் சொல். அங்கே வருகிற தோட்டக்காரர்களிடம் எந்த வெண்ணெய்ப்பழ மரம் எந்த உயரத்தில் காய்க்கிறது என்று கேட்டால், கன்று வாங்க இடமும் கிடைத்துவிடும். கொய்யாவை ஊரிலிருந்து போனதும் நேரே வெளியில் வைக்காதே. வராந்தாவில் கொஞ்ச நாள் வைத்து, பகலில் மட்டும் வெளியே எடுத்து, பிறகு விடு.

அருமனையிலிருந்து கருங்கல் எனக்கு ஒரு தூரமே இல்லை. இந்த வாரக் கடைசியில் வருகிறேன், கம்பு எடுக்க வேண்டிய கொம்பை அடையாளம் காட்டிவிட்டுப் போகிறேன். அதற்குள் அப்பாவிடம் சொல்லிக் கொட்டையை ஈரச் சாக்கில் பொதிந்து வைக்கச் சொல். வறுக்கிற ஆசையில் பிள்ளைகள் எடுத்துவிடாமல் நல்லதாக ஒரு இருபதைத் தனியே வை.